தடம் இழுக்கும் வண்டி

போன வாரம் காலை ஒன்பது மணிக்கு அக்கா மகன் கனடாவில் சட்பரியிலிருந்து கூப்பிட்டான். அங்கே இரவு பத்தரை. படிப்பு முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்து இது அவனுக்கு இரண்டாவது குளிர்காலம்.

"மாமா, பழைய ஸ்னோமொபைல் ஒண்ணு வாங்கிட்டேன். ஓட்டுறப்ப ஹேண்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி வெட்டி இழுக்குது. ஸ்கீயை மாத்தினாச் சரியாயிரும்னு கூட வேலை பாக்குறவங்க சொல்றாங்க. டிம்மின்ஸ்ல இருந்தப்ப நீங்களும் மாத்தினீங்கல்ல? எதை வாங்கலாம்?"

நான் அப்போது காரைக்குடியில் சித்தப்பாவின் லேத் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். "இப்போதைக்கு ஒண்ணும் வாங்காதடா மாப்ளே" என்று ஆரம்பித்த பேச்சு ஒரு மணி நேரம் ஓடியும் முடியவில்லை. சொல்ல விட்டுப்போனது நிறைய. நம் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது ஒன்டாரியோ, மனிடோபா என்று நிறையப் போகிறார்கள். அவர்களில் யாராவது ஒருவருக்குப் பயன்பட்டாலும் போதும் என்று இதை எழுதுகிறேன். நான் தோள்பட்டையை இடித்துக்கொண்டு கற்ற விஷயம் இது.

ஸ்னோமொபைலைப் பார்க்காதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. முன்னால் இரண்டு ஸ்கீ, அதாவது நுனி மேல்நோக்கி வளைந்த இரண்டு நீளப் பலகைகள். பின்னால் ஒரே ஓர் அகலமான ரப்பர் பட்டை, புல்டோசருக்கு இருப்பதுபோலச் சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டியைத் தள்ளுவது பட்டை. ஹேண்டில்பாரைத் திருப்பினால் திரும்புவது ஸ்கீ. சக்கரம் என்று தரையில் எதுவும் படுவதில்லை. கியூபெக்கில் வால்கூர் என்ற ஊரில் ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே என்றொரு மெக்கானிக் இருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு நோய் கண்டது. பனி மூடிய பாதையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியில்லாமல் பிள்ளை இறந்துபோனான். பனியில் ஓடும் வண்டி செய்வதற்கு அவர் அதற்கு முன்பே முயன்றுகொண்டிருந்தார். அந்தச் சாவுக்குப் பிறகு அதை விடவே இல்லை. முதலில் ஆட்களை ஏற்றும் பெரிய வண்டிகள், பிறகு 1959இல் ஒருவர் இருவர் ஏறிப்போகும் ஸ்கீ-டூ. இன்று அந்த ஊர்களில் ஓடும் வண்டிகளில் பல அந்த வழியில் வந்தவைதான். மழைக்காலத்தில் நடுவில் ஓடை பெருகி, பிரசவ வலியோடு கட்டிலில் தூக்கிப்போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த அப்பாவின் வேதனை எனக்குத் தூரத்துக் கதையாகப் படவில்லை.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். டிம்மின்ஸ் வடக்கு ஒன்டாரியோவில் தங்கச் சுரங்கங்கள் உள்ள ஊர். சுரங்கத்தில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் ஒன்பது குளிர்காலம் வேலை பார்த்தேன். மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு பழைய வண்டி வாங்கினேன். 137 அங்குலப் பட்டை, டூ ஸ்ட்ரோக் என்ஜின். முன்பு வைத்திருந்தவர் நன்றாக ஓட்டித் தேய்த்திருந்தார்.

அங்கே காட்டுக்குள் ஸ்னோமொபைலுக்கென்றே பாதை போட்டிருப்பார்கள். இரவில் பெரிய இயந்திரம் வந்து பனியை அரைத்து, சமப்படுத்தி, அழுத்திவிட்டுப் போகும். காலையில் போனால் மேசைபோல இருக்கும். சாயங்காலத்துக்குள் நூறு வண்டி போயிருக்கும். ஒவ்வொன்றும் ஸ்கீயின் அடியால் விரல் அகலத்துக்கு ஒரு கோடு கிழித்திருக்கும். என் வண்டி அந்தக் கோடுகளைத் தேடிப் போய் விழுந்தது. நேராகப் போகும்போதே திடீரென்று இடதுபக்கம் ஒரு வெட்டு, கையால் அடக்கினால் வலதுபக்கம் ஒரு வெட்டு. இருபது கிலோமீட்டர் போய்த் திரும்பியபோது முன்கை இரண்டும் மண்வெட்டி பிடித்ததுபோல இறுகியிருந்தது.

அந்த இழுப்பு எனக்குப் பழக்கமானதுதான் என்று அன்று இரவு படுத்தபிறகுதான் உறைத்தது. எங்கள் ஐயா நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு புதுவயல் ரைஸ்மில்லுக்கு வண்டி கட்டிப் போவார். சின்ன வயதில் நானும் மூட்டைமேல் உட்கார்ந்து போயிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் சேற்றில் இறங்கிய வண்டித்தடம் மாசி பங்குனியில் காய்ந்து கல்லாகிவிடும். இரும்புப் பட்டா போட்ட சக்கரம் அதில் விழுந்துவிட்டால் மாடு எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏறாது. மூக்கணாங்கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் மாட்டின் தலைதான் திரும்பும். ஐயா சொல்வார்: "தடத்துல விழுந்த சக்கரம் மாட்டுப் பேச்சக் கேக்காதுப்பு, தடத்துப் பேச்சத்தான் கேக்கும்." தடத்தின் ஓரம் உடைந்திருக்கிற இடம் வரும்வரை காத்திருந்து, இறங்கி, ஆரக்காலில் தோளைக் கொடுத்து ஏற்றுவார்.

மறுநாள் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து ஸ்கீயின் அடியைப் பார்த்தேன். முன்பே பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். மேலிருந்து பார்த்தால் வெறும் பிளாஸ்டிக் பலகை. அடியில் நடுவில் நீளவாக்கில் ஒரு மேடு ஓடுகிறது, படகின் அடியில் முதுகெலும்பு மாதிரி ஒன்று இருக்குமே, அதுபோல. அதைக் கீல் என்கிறார்கள். கீலின் நடுவிலுள்ள பள்ளத்தில் ஓர் எஃகுக் கம்பி, மேலிருந்து நட்டுப் போட்டு இறுக்கியது. அதன் பெயர் ரன்னர். அந்தக் கம்பியின் நடுப்பகுதியில், நாலு அங்குலமோ ஆறு அங்குலமோ, டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளின் துண்டுகளைப் பற்றவைத்திருப்பார்கள், கூர்முனை கீழே பார்க்க. ஹேண்டிலைத் திருப்பும்போது மெத்தென்ற பனியில் வண்டியைத் திருப்புவது கீலின் பக்கச்சுவர். கட்டிப்பட்ட பனியிலும் பனிக்கட்டியிலும் திருப்புவது அந்தக் கார்பைடின் கூர். கால் டன்னுக்கும் மேலான எடை ஒரு சாண் நீளக் கூர்முனையை நம்பி வளைவில் இறங்குகிறது.

என் கட்டைவிரலை அதன்மேல் ஓட்டிப் பார்த்தேன். ஒரு ஸ்கீயில் கூர் பாதிதான் இருந்தது. மற்றதில் முழுக்க மழுங்கி, கம்பியே தரையோடு தேய்ந்து பளபளத்தது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். பனியை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் கார்பைடு என்றதும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. லேத்தில் நாற்பது வருஷமாக அவர் பிடிப்பது கார்பைடு டிப்தான். செம்பூராங்கல்லைத் தாண்டிப் போர் இறக்குகிற பிட்டின் முனையிலும் அதுதான். "ஒரு பக்கம் கூரு, ஒரு பக்கம் மொட்டையா? அப்ப வண்டி ஒரு பக்கம் தின்னும், ஒரு பக்கம் வழுக்கும். ரெண்டையும் ஒண்ணாப் போடு மொதல்ல" என்றார். அந்தப் பேச்சை அன்றே கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. புது ஸ்கீயே வாங்கிவிட்டேன்.

கம்பெனியில் வண்டியோடு வருகிற ஸ்கீ எல்லாருக்கும் பொதுவாகச் செய்தது. பாதையில் போகிறவர், காட்டுப் பனியில் இறங்குகிறவர், ஏரிமேல் மீன்பிடிக்கப் போகிறவர் என்று யாருக்கும் ரொம்பக் குறையாமல், யாருக்கும் ரொம்பப் பொருந்தாமல் இருக்கும். அதனால்தான் வெளியில் தனியாக ஸ்கீ செய்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அகலமானது, ஆழமான கீல் உள்ளது, ஒன்றுக்கு இரண்டு கீல் உள்ளது என்று பல வகை. நான் எடுத்தது அகலம். பழையது ஆறு அங்குலத்துக்குள், புதியது எட்டு. வண்டியின் மாடலுக்கு ஏற்ற மாட்டும் கிட், ஸ்பேசர், ரப்பர் எல்லாம் சேர்த்து வாங்கி, மைனஸ் இருபதில் கராஜில் நின்று மாட்டினேன்.

முதல் நாள் மட்டகாமி ஆற்றைத் தாண்டிக் காட்டுக்குள் இடுப்பளவு புதுப் பனி. பழைய ஸ்கீயோடு போயிருந்தால் மூக்கு புதைந்து நின்றிருக்கும். புதியது மேலே மிதந்தது. வண்டியின் முன்பக்கம் பனிக்குள் இறங்காமல் தலைநிமிர்ந்தே போனது. அந்த மதியம் என் வாழ்க்கையின் நல்ல மதியங்களில் ஒன்று. கரும்பச்சை ஸ்ப்ரூஸ் மரங்கள், அவற்றின்மேல் பஞ்சுப் பொதிபோலப் பனி, என்ஜினை நிறுத்தினால் காதுக்குள் நம் ரத்தம் ஓடுவது மட்டும் கேட்கும்.

திரும்பும்போது பாதையில் ஏறினேன். முதல் வளைவிலேயே ஹேண்டில் முழுக்கத் திரும்பியும் வண்டி நேராகப் போனது. அதை அங்கே 'புஷ்' என்பார்கள். முன்பக்கம் திரும்பாமல் தள்ளிக்கொண்டே போவது.

இதையும் நான் ஊரில் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் புழுதி விதைப்புதான் அதிகம். கண்மாய் பெருகிய வருஷம்தான் சேற்றுழவு. அப்பா டிராக்டரில் கேஜ்வீல் மாட்டி வயலில் இறங்குவார். டிராக்டரின் முன்டயரைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், பின்டயர்போலக் கட்டைக் கட்டையாக இருக்காது. சுற்றளவு முழுக்க இரண்டு மூன்று வரிகள் எழும்பி ஓடும். அந்த வரிதான் மண்ணைப் பக்கவாட்டில் பிடித்துத் திருப்புகிறது, ஸ்கீயின் கீல் மாதிரியே. வரி தேய்ந்த டயரோடு சேற்றில் ஸ்டியரிங்கை ஒடித்தால் சக்கரம் குறுக்கே திரும்பி நிற்கும், வண்டி நேரே வரப்பைப் பார்த்துப் போகும். அப்பா அப்போது ஸ்டியரிங்கை இன்னும் ஒடிக்க மாட்டார். திரும்ப வேண்டிய பக்கத்துப் பிரேக்கை மட்டும் மிதித்துச் சுற்றிவிடுவார். கலப்பையைத் தூக்கியிருந்தால் முன்பக்கம் எடை குறையும், இன்னும் வழுக்கும் என்று அதை இறக்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்வார்.

அகலமான ஸ்கீயில் நடந்தது அதுதான். மிதக்க வைக்கிற அகலம், கட்டிப்பட்ட பாதையில் எடையைப் பரப்பிவிட்டது. கூர்முனை அழுந்தவில்லை. நீளப் பட்டையும் தன் பங்குக்கு வண்டியை நேரே தள்ளிக்கொண்டிருந்தது. பட்டை நீளமாக ஆக வளைவுக்கு அது முரண்டு பிடிக்கும். எனக்கு இதெல்லாம் அப்போது ஓடவில்லை. முன்பக்கம் பிடிக்கவில்லையா, பிடிக்க வைப்போம் என்று எட்டு அங்குலக் கார்பைடு உள்ள ரன்னர் வாங்கிப் போட்டேன்.

பிடித்தது. பிப்ரவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பகலில் கொஞ்சம் இளகி இரவில் உறைந்து, வளைவுகள் கண்ணாடியாக இருந்த நாள். அந்தப் பாதைகளில் சட்டப்படி 50 கிலோமீட்டர் வேகம்தான். நான் 40க்குள்தான் போயிருப்பேன். ஏரிக்கு இறங்குகிற வளைவில் ஹேண்டிலைத் திருப்பி ஆக்ஸிலேட்டரை விட்டேன். ஆக்ஸிலேட்டரை விட்டால் எடை முன்னுக்கு வரும். கார்பைடு இரண்டும் பனிக்கட்டியைக் கவ்விக்கொண்டன. கவ்வ எதுவும் இல்லாத பின்பட்டை சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. எனக்கு நினைவிருப்பது வானம், அப்புறம் வாய்க்குள் பனி. பாதையோரம் குவிந்திருந்த பனியில் இடது தோள் இடித்தது. மூன்று வாரம் கையைத் தூக்க முடியவில்லை. ஹெல்மெட் இருந்தது, மரம் இல்லை. இரண்டு அடி தள்ளி ஒரு ஸ்ப்ரூஸ் நின்றிருந்ததைப் பிறகு போய்ப் பார்த்தேன்.

ஸ்கீயும் ரன்னரும் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தன. முன்பக்கத்துக்கு மட்டும் பல் வைத்துவிட்டுப் பின்பக்கத்தை நினைக்காமல் விட்டது நான்தான். முன்பிடிப்பும் பின்பிடிப்பும் ஒரு நுகத்தடியில் கட்டிய இரண்டு மாடு. ஒன்றை மட்டும் கொழுக்கவைத்தால் வண்டி கோணிக்கொண்டுதான் போகும். நீளக் கார்பைடு போடுகிறவர்கள் பின்பட்டையில் ஆணி அடிப்பது அதனால்தான். அதற்கும் எல்லாப் பட்டையும் தாங்காது. பட்டைக்கு மேலே வெந்நீரைக் குளிர்விக்கும் தகடு இருக்கும், ஆணி அதைக் கிழிக்காமல் காப்பும் போட வேண்டும். என் பட்டை ஆணிக்கு ஏற்றதில்லை. ஆகவே எட்டு அங்குலத்தைக் கழற்றி நாலு அங்குலம் போட்டேன்.

தோள் ஆறும்வரை வேறு வேலை இல்லாததால் கராஜில் உட்கார்ந்து வண்டியை நிதானமாகப் பார்த்தேன். ஸ்பிண்டில் என்ற தண்டின் கீழ்முனையில் ஸ்கீ ஒரே போல்ட்டில் தொங்குகிறது. போல்ட்டைச் சுற்றி, தண்டுக்கும் ஸ்கீக்கும் நடுவில் ஒரு ரப்பர் கட்டை. உள்ளங்கையில் அடங்குகிற சாமான். ஸ்கீயின் நுனி எவ்வளவு அழுந்தணும், வால் எவ்வளவு அழுந்தணும் என்று தீர்மானிப்பது அதுதான். புதிய ஸ்கீ மாட்டும்போது நான் கழற்றி வைத்திருந்த பழைய ரப்பர்களை எடுத்துப் பார்த்தேன். பின்பாதி நசுங்கி, வெடித்து, விரலால் பிய்த்தால் கட்டியாகக் கையோடு வந்தது. பின்பக்கம் தாங்கல் இல்லாததால் ஸ்கீயின் வால் எழும்பி, நுனி தரையைக் குத்தியபடி ஓடியிருக்கிறது. நுனி குத்தினால் அது முன்னால் கண்ட கோட்டில் எல்லாம் நுழையும்.

மூட்டை தள்ளுகிற தள்ளுவண்டியின் சுழல்சக்கரத்தைப் பாருங்கள். தண்டுக்குப் பின்னால் தரையைத் தொடுகிற சக்கரம் தானாக வரிசைக்கு வந்து பின்தொடரும். அதையே வலுக்கட்டாயமாக முன்னால் திருப்பி வைத்துத் தள்ளினால் நடுங்கிச் சுழன்றுவிடும். ஸ்கீயின் பிடிப்பு தண்டுக்குப் பின்னால் விழுந்தால் பின்தொடரும். முன்னால் விழுந்தால் ஆடும். ரப்பரின் பின்பக்கம் மெல்லிய தகடு ஒன்று சொருகினாலே வால் அழுந்தி நுனி லேசாகிவிடும். நான் பட்ட வெட்டு இழுப்பில் பெரும்பாதி அந்த ரப்பரும் மழுங்கின கம்பியும் செய்தது. புது ஸ்கீயோடு புது ரப்பரும் வந்ததால் இழுப்பில் பெரும்பாதி நின்றது. நான் ஸ்கீயால் நின்றது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னும் சில இருந்தன. ஹேண்டில் திரும்புவதை ஸ்கீக்குக் கொண்டுபோகிற டை ராடு என்ற கம்பியின் முனைகளில் ஆட்டம். ஸ்கீ இரண்டின் நேர்கோடு: கார்களுக்கும் டிராக்டருக்கும் முன்சக்கரம் வழக்கமாக ஒரு மயிரிழை உள்நோக்கிப் பார்க்கும், ஸ்னோமொபைலில் ஸ்கீயின் நுனிகள் வெளிநோக்கிப் பார்க்க வேண்டும். கால் அங்குலத்துக்குள்தான், வண்டியின் கையேட்டில் அளவு இருக்கும். கார்பைடிலிருந்து கார்பைடுக்கு முன்னும் பின்னும் டேப் பிடித்து அளந்தால் தெரிந்துவிடும். என்னுடையது உள்நோக்கி இருந்தது. அப்புறம் பட்டைக்குள் லிமிட்டர் ஸ்ட்ராப் என்று ஒரு வார். அதை ஒரு துளை குறைத்துக் கட்டினால் முன்பக்கம் எடை கூடி ஸ்கீ அழுந்தும். தளர்த்தினால் ஸ்கீ லேசாகும். 'புஷ்' தாங்க முடியாமல் நான் கார்பைடு வாங்கக் கடைக்கு ஓடினேனே, முதலில் அந்த வாரில் ஒரு துளை மாற்றிப் பார்த்திருக்கலாம். காசே செலவில்லை.

அதற்காக வெளியில் வாங்குகிற ஸ்கீயே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த குளிர்காலத்தில் பாதைக்கென்று இரண்டு கீல் உள்ள ஸ்கீ ஒரு ஜோடி வாங்கினேன். சிம்மன்ஸ் ஃப்ளெக்ஸி-ஸ்கீ மாதிரி ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு கீல், நடுவில் குழிவு. ஒற்றைக் கம்பி விழுகிற கோட்டில் இரண்டு கம்பியும் ஒரே நேரத்தில் விழ வழியில்லை. ஒன்று விழுந்தாலும் மற்றது வெளியே நின்று பிடித்துக்கொள்ளும். இழுப்பு அறவே போய்விட்டது. நின்ற இடத்தில் திருப்பும்போது கை கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். அகல ஸ்கீயைப் புதுப்பனிக்கு வைத்துக்கொண்டேன். வாரக்கடைசியில் எங்கே போகிறேனோ அதற்கு ஏற்ப மாற்றுவேன், இரண்டு போல்ட், முக்கால் மணி நேரம். ஆறு குளிர்காலம் அப்படித்தான் ஓட்டினேன். ஊருக்குத் திரும்பும்போது அந்த வண்டியை விற்க மனசே வரவில்லை.

இதில் பாதியைத்தான் மருமகனிடம் அன்று சொல்ல முடிந்தது. ஸ்கீயைக் கையால் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டிப்பார், ரன்னரைப் புரட்டிப்பார், ரப்பரைப் படம் எடுத்து அனுப்பு என்று சொல்லி வைத்தேன்.

முந்தாநாள் படம் வந்தது. பட்டறையில் வெளிச்சம் போதாமல் சித்தப்பா போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். ரப்பரின் பின்பாதியில் வெடிப்பு குறுக்கே ஓடியிருந்தது. ரன்னரின் நடுவில் கார்பைடு இருந்த இடத்தில் வெறும் பள்ளம்.

அவரே பச்சைப் பொத்தானை அழுத்தி அவனைக் கூப்பிட்டார்.

"அப்பு, ரப்பரையும் கம்பியையும் மாத்திப்புடு. ரெண்டு பக்கமும் ஒண்ணாப் போடணும். கார்பைடு எத்தனை இஞ்சு கேட்டிருக்க?"

"ஆறு, தாத்தா."

"பின்னாடி பட்டையில ஆணி இருக்கா?"

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. கராஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"இல்ல தாத்தா."

"அப்ப நாலு போதும்" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிட்டு லேத்துக்குப் போனார்.